பன்னிரண்டு எண்களும் ஒரு தொலைபேசி அழைப்பும்

எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் நகையும் இல்லை, பணமும் இல்லை. எல்லாருடைய பிறப்புப் பத்திரங்கள், அம்மா அப்பாவின் திருமணப் பதிவுச் சான்றிதழ், தாத்தாவின் இறப்புப் பத்திரம், அடையாள அட்டைகளின் நகல்கள் ஆகியவைதான் உள்ளன. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலிருந்த தோட்டத்தை விட்டு எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தபோது, மற்ற சாமான்களையெல்லாம் லோரியில் ஏற்றிவிட்டு, அந்த டின்னை மட்டும் பாட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். "வீடு தீப்புடிச்சாலும் மொதல்ல அந்த டின்னத் தூக்கு. சாமி படத்தக்கூட அப்புறம் எடுத்துக்கலாம்" என்று இன்றும் சொல்வார்.

கைத்தொலைபேசிப் பாதுகாப்பைப் பற்றி எழுத வந்தவன் ஏன் பிஸ்கட் டின்னைப் பற்றிப் பேசுகிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என் அம்மா 12,600 ரிங்கிட்டைத் தொலைபேசி மோசடியில் இழந்தார். 55 வயது நிறைந்து சேமநிதியிலிருந்து எடுத்த பணம் அது. தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் நின்றுகொண்டே செய்த வேலையின் பலன். அந்தப் பணம் எப்படிப் போனது என்று நான் யோசிக்கும் போதெல்லாம், கைத்தொலைபேசியில் தொடங்கும் யோசனை கடைசியில் அந்த டின்னில் வந்துதான் நிற்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். பிறகு ஈப்போவில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. முதலாம் படிவத்தில் மலாய்மொழியில் தடுமாறி, மூன்றாம் படிவத்திற்குள் ஓரளவு தேறிவிட்டேன். தேறியதற்குக் கிடைத்த பரிசு, எங்கள் வரிசை வீடுகளில் உள்ள அனைவருக்கும் பாரம் நிரப்பிக் கொடுக்கும் வேலை. அரசாங்க உதவித்தொகை மனு, சேமநிதிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு என எதுவாக இருந்தாலும், "தம்பி, இதக் கொஞ்சம் பாரு" என்று கைத்தொலைபேசியோடு வாசலில் வந்து நிற்பார்கள். தோட்டத்தில் கிராணி செய்த வேலையைத் தாமானில் நான் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு அதில் பெருமைதான். பாதிப் பேரின் அடையாள அட்டை எண் எனக்கு மனப்பாடம். அவர்களுக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்ததும் நானே. மறந்துவிடுவார்கள் என்பதால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சொல்லையே போட்டேன், பின்னால் அவரவர் பிறந்த ஆண்டு. அவற்றையெல்லாம் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பெயரோடு எழுதி, தொலைக்காட்சிக்குக் கீழே வைத்திருந்தேன். ஒரு வரிசை வீடுகளின் சாவிகளையெல்லாம் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று திங்கட்கிழமை. நான் ஆறாம் படிவ வகுப்பில் இருந்தேன். அப்பா லோரி ஓட்டத்தில் இருந்தார். காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. பொட்டலம் அனுப்பும் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு பெண், அம்மாவின் பெயரில் அனுப்பப்பட்ட பொட்டலத்தில் பல ஏடிஎம் அட்டைகள் இருந்ததாகவும், போலீசார் அதைப் பிடித்து வைத்திருப்பதாகவும் மலாயில் சொன்னாள். அம்மா தாம் ஒன்றும் அனுப்பவில்லை என்றார். "அப்படியென்றால் யாரோ உங்கள் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உடனே புகார் செய்யுங்கள், நானே இணைப்பை மாற்றித் தருகிறேன்" என்று அவள் மிகுந்த அக்கறையோடு சொன்னாளாம். அடுத்துப் பேசியவன் தன்னைச் 'சார்ஜன்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டான். பின்னால் வாக்கி டாக்கிச் சத்தம் கேட்டது. அவன் முதலில் செய்த காரியம், அம்மாவின் முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியதுதான்.

"என் ஐசி நம்பர ஒரு நம்பர்கூடத் தப்பில்லாம சொன்னான்டா. கவர்மென்டு ஆள் இல்லாம வேற யாருக்குடா அது தெரியும்?" என்று அம்மா பிறகு என்னிடம் கேட்டார்.

அதன்பின் நடந்தவை, இவ்வகை மோசடிகளில் வழக்கமாக நடப்பவை. நம் நாட்டில் இதற்கு 'மக்காவ் மோசடி' என்று பெயர். இரகசிய விசாரணை என்பதால் கணவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களையும் விசாரிக்க வேண்டிவரும் என்றான். தொலைபேசியை வைக்கக்கூடாது என்றான். அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வந்தது. அதை அழுத்தியதும் போலீஸ் சின்னம் பொறித்த ஒரு செயலி இறங்கியது. குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்டது. 'பெனார்கான்' என்று வந்த இடங்களிலெல்லாம் அம்மா அழுத்தினார். வங்கிக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதிலேயே போட்டார். பணத்தை மாற்ற வங்கி அனுப்பும் டிஏசி எண்கள் அன்றும் அம்மாவின் தொலைபேசிக்குத்தான் வந்தன. ஆனால், அவற்றை முதலில் படித்தது அந்தச் செயலி. நான்கு முறையில், 20 நிமிடத்திற்குள் பணம் போய்விட்டது. "விசாரணை முடிந்ததும் பணம் பத்திரமாகத் திரும்பும்" என்று சொல்லி, அம்மாவுக்கு நன்றியும் கூறி அவன் தொலைபேசியை வைத்தான்.

மூன்று மணிக்கு நான் வீடு திரும்பினேன். விஷயத்தைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அறிவே இல்லையாம்மா உனக்கு?" என்பதுதான். அம்மா பதில் பேசவில்லை. அடுப்படிக்குப் போய் எனக்காக எடுத்து வைத்திருந்த குழம்பைச் சூடாக்கினார்.

அன்றிரவு போலீஸ் நிலையத்தில் புகார் செய்துவிட்டு வந்தோம். எல்லாரும் படுத்த பிறகு, அந்தச் செயலி எப்படி உள்ளே நுழைந்தது என்று பார்க்க அம்மாவின் தொலைபேசியை எடுத்தேன். ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் அதிகாரப்பூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வரும் 'ஏபிகே' கோப்புகளைச் சும்மா ஏற்றுக்கொள்ளமாட்டா. ஆபத்து என்று எச்சரித்து நிறுத்திவிடும். நாமாக அமைப்புகளுக்குள் சென்று அனுமதி கொடுத்தால்தான் உண்டு. அம்மாவின் தொலைபேசியில் அந்த அனுமதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது.

கொடுத்தவன் நான்தான். இரண்டு வாரங்களுக்கு முன், தமிழ்த் தொடர் நாடகங்களைக் காசில்லாமல் பார்ப்பதற்கென்று ஒரு செயலியை அம்மாவுக்கு இறக்கிக் கொடுத்தேன். கடையில் இல்லாத செயலி. அதற்காகத் திறந்த கதவை நான் மூடவில்லை. அது மட்டுமல்ல, எச்சரிக்கை வந்தபோது, "இந்த மாதிரி எது வந்தாலும் ஓகே அமுத்திடும்மா, ஒன்னும் ஆகாது" என்று சொல்லியும் கொடுத்திருந்தேன். அம்மா நான் சொன்னதைத்தான் செய்தார்.

அன்றிரவு அந்த அனுமதியை நீக்கிவிட்டுப் படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பாட்டி டின்னைத் திறந்து, அம்மாவின் பத்திரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். பணத்தைவிட அதுதான் அவருக்குக் கவலை. "ஐசிய ஒன்னும் பண்ணிடலையே?" என்று இரண்டு முறை கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பல்கலைக்கழகத்திற்கு வந்து மலாயா வரலாற்றைப் படித்தபோதுதான் பாட்டியின் அந்தக் கவலை எவ்வளவு பழையது என்று புரிந்தது.

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா முழுமைக்கும் விரிந்தது. அந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான், அதே ஆண்டில், 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டு அடையாள அட்டையின் பிறப்பு இதுதான். அட்டை கையில் இல்லாதவன் சந்தேகத்திற்குரியவன். காட்டிலிருந்து வந்தவர்களோ அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பாட்டிக்கு அப்போது இரண்டு வயது. பால்மரக் காட்டுக்குப் போகும்போதுகூடத் தம் அப்பா அந்த அட்டையைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போவார் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். யாராவது உடுப்புப் போட்டவர் நிறுத்தினால், கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டிவிடுவாராம்.

பிறகு வந்தது சிவப்பு ஐசிக் காலம். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டபோது, சுமார் 60,000 இந்தியர்கள் இந்நாட்டை விட்டுக் கப்பலேறிப் போனார்கள். பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே, சரியான காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்நியரானவர்கள் அவர்களில் பலர். பாட்டியின் பக்கத்து லயத்துக் குடும்பம் ஒன்றும் அப்படிப் போனதாம். இன்றும் நம் சமுதாயத்தில் பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைபவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அனுபவங்கள் எங்கள் குடும்பத்திற்கு ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்திருந்தன. அதிகாரி கேட்டால் காட்டு. எதிர்த்துக் கேட்காதே. காகிதம் சரியாக இருந்தால் உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள். பாட்டி இதை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மா எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை தொலைபேசியில் பேசியவன் கணினியை உடைக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் இருந்த பயத்தைத் தொட்டுப் பேசினால் போதும். அவன் பேசினான்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஐசி எண் வேறு யாருக்குத் தெரியும்?

உண்மையான பதில்: கிட்டத்தட்ட யாருக்கு வேண்டுமானாலும் தெரியலாம். 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், 46.2 மில்லியன் கைத்தொலைபேசி எண்களின் பதிவு விவரங்கள் கசிந்துவிட்ட செய்தியை லோயாட் நெட் வெளியிட்டது. அன்றைய மலேசிய மக்கள்தொகையே 32 மில்லியன்தான். ஒருவருக்கே இரண்டு மூன்று எண்கள் இருந்ததால் கணக்கு அவ்வளவு பெரிதாயிற்று. நாம் சிம் அட்டை வாங்கும்போது அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்கிறோமே, அந்தப் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. மீண்டும் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில், 1940 முதல் 2004 வரை பிறந்த 22.5 மில்லியன் மலேசியர்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதாகச் செய்தி வெளியானது. அவை தேசியப் பதிவுத் துறையிலிருந்து போனவை அல்ல என்று அப்போதைய உள்துறை அமைச்சர் மறுத்தார். எங்கிருந்து போயிருந்தாலும், ஒருமுறை வெளியே போன விவரத்தைத் திரும்ப அழைக்க முடியாது. கடவுச்சொல்லை மாற்றலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

ஏனென்றால், நம் எண்ணிலேயே நம் பிறந்த தேதி இருக்கிறது. 1990-இல் அறிமுகமான 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். பேராக்கில் பிறந்தவர்களுக்கு 08. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2001-இல் மைகாட் வந்தபோதும் இந்த அமைப்பு மாறவில்லை. அதாவது, எண்ணைத் தெரிந்துகொண்டவன் வயது, பிறந்தநாள், ஊர், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் நம்மைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மவர்களில் பலர் ஏடிஎம் அட்டைக்கு வைத்திருக்கும் ஆறு எண் இரகசியம், அந்த அடையாள அட்டையின் முதல் ஆறு எண்களேதாம்! எங்கள் வரிசையில் நான் கேட்டுப் பார்த்தபோது ஏழு வீட்டில் நான்கு வீட்டில் அப்படித்தான் இருந்தது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. ஆனால், அது மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. நிறுவனங்களிலிருந்து தரவு கசிந்தால் ஆணையரிடமும், பெருந்தீங்கு நேரக்கூடுமென்றால் பாதிக்கப்பட்டவரிடமும் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற விதி, 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்வழி 2025 ஜூன் மாதம்தான் நடப்புக்கு வந்தது. சட்டம் நடந்து வருகிறது. மோசடிக்காரன் மோட்டார் சைக்கிளில் போகிறான்.

அம்மாவின் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. பணம் போனது ஆகஸ்டில். செப்டம்பர் மாதக் கடைசியில், குறுஞ்செய்தி டிஏசி முறையைக் கைவிடும்படியும், ஒருவருக்கு ஒரே தொலைபேசியில் மட்டும் அங்கீகாரம் அளிக்கும்படியும், புதிதாகப் பதிவு செய்தால் சில மணி நேரம் காத்திருக்க வைக்கும்படியும் வங்கிகளுக்குப் பேங்க் நெகாரா உத்தரவிட்டது. மோசடியில் பணம் இழந்தவர்கள் உடனே அழைப்பதற்கான 997 என்ற எண் அக்டோபரில் வந்தது. இரண்டு மாதம் முன்னதாக வந்திருந்தால் அந்தப் பணத்தில் பாதியாவது நின்றிருக்குமோ என்று அப்பா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால், மிக அருகிலேயே நின்றிருக்க வேண்டிய ஓர் எச்சரிக்கை உண்டு. அம்மா பணம் இழந்த செய்தி பரவிய பிறகு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் அத்தை ஒருவர் இரவில் வந்து அம்மாவோடு உட்கார்ந்தார். அவரும் ஆறு மாதத்திற்கு முன் இதே மாதிரி 3,000 வெள்ளி இழந்திருக்கிறார். கணவருக்குக்கூடத் தெரியாது. "வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லலக்கா" என்றார். அவர் சொல்லியிருந்தால் அம்மா தப்பியிருக்கலாம். அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஒரு மகன் அவர் வீட்டிலும் இருக்கிறான்.

பல்கலைக்கழகத்திற்குப் புறப்படும் முதல் நாள் இரவு, அந்த அனுமதியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அப்ப நான் மட்டும் முட்டாளு இல்லையில்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இத்தனை மாதமும் அம்மா தம்மை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். இரண்டாம் ஆண்டில், விடுதியில் என் நண்பன் ஒருவன், "சும்மா இருக்கிற பேங்க் அக்கவுண்ட் இருந்தா சொல்லு மச்சான். கார்டயும் பின் நம்பரயும் குடுத்தா மாசம் 500 வெள்ளி. ஒரு வேலையும் இல்ல" என்றான். அவனும் தோட்டத்துப் பிள்ளை. கல்விக் கடன் வரத் தாமதமாகி, இரவில் மீ தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தவன். அவன் சொன்னது எனக்குக் கேட்டது, ஆனால் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பணம் போன கணக்குகளில் ஒன்று 20 வயது மாணவன் ஒருவனுடையது என்று விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார். அந்த மாணவனை நான் பலமுறை மனத்துக்குள் அடித்திருக்கிறேன். இப்போது அவன் என் கட்டிலில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீ குடுத்துட்டியா?" என்று கேட்டேன். குடுத்து இரண்டு மாதமாயிற்று என்றான்.

அம்மாவின் கதையை முழுவதும் அவனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தான். "நான் யாரையும் ஏமாத்தல மச்சான், கார்டுதான குடுத்தேன்" என்றான். மோசடிக்காரர்கள் எதிர்பார்ப்பதும் இந்தப் பதிலைத்தான். இரவல் கணக்குகள் இல்லாவிட்டால் திருடிய பணம் நிற்க இடமே இல்லை. நம் நாட்டில் அப்படிப்பட்ட கணக்கை 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு, என்கிறார்கள். சுமையைச் சுமப்பது கழுதை. கடைசியில் பிடிபடுவதும் கழுதைதான். 2024-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபின், தகுந்த காரணமின்றித் தன் கணக்கையோ அட்டையையோ பிறர் கையில் கொடுப்பதே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது. ஏமாற்றியதில் பங்கில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

மறுநாள் அவனோடு வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கினோம். பிறகு போலீஸ் நிலையம். உள்ளே போகுமுன் அவன் கை நடுங்கியது. "ஐசி எடு" என்று அதிகாரி கேட்டபோது, சட்டென்று இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான். பாட்டியின் அப்பா ஞாபகம் எனக்கு வந்தது. அவனுடைய விசாரணை இன்னும் முடியவில்லை. அவன் பட்டம் வாங்குவானா என்ற கவலை எங்களுக்கு இருக்கிறது.

இப்போது விடுமுறைக்கு வீடு போகும்போதெல்லாம் ஒரு மாலையை ஒதுக்குகிறேன். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அக்கம்பக்கத்தார் கைத்தொலைபேசியோடு உட்காருவார்கள். பழைய பயிற்சிப் புத்தகத்தைக் கிழித்து எரித்துவிட்டேன். அவரவர் கடவுச்சொல்லை அவரவரே போடுகிறார்கள். நான் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். கடைக்கு வெளியிலிருந்து செயலி இறக்கும் அனுமதி யாருக்காவது திறந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். திருமண அழைப்பிதழ் என்று சொல்லி ஏபிகே கோப்பு வந்தால், அது அழைப்பிதழ் அல்ல என்று சொல்லியிருக்கிறேன். அழைப்பிதழ் படமாக வரும், அதை 'நிறுவ' வேண்டியதில்லை. அடையாள அட்டை நகல் கேட்டால், நகலின்மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கப் பழகியிருக்கிறோம். வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்த ஐசி படங்களை அழித்தோம்.

பணம் அனுப்புவதற்கு முன், வாங்குபவரின் கணக்கு எண்ணை அரச மலேசியப் போலீஸ் படையின் 'செமாக் மியூல்' பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் உள்ள கணக்கென்றால் தெரிந்துவிடும். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், அழுவதற்கு முன் 997. வங்கிக் கணக்கை நாமே உடனே முடக்கிவிடும் வசதியும் இப்போது வங்கிகளில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடினால் கை நடுங்கும்.

இவற்றைச் சொல்லிக் கொடுக்கும்போது நான் தமிழ் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். எச்சரிக்கைகளெல்லாம் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன. அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். தமிழில் சொன்னால் புரியும் என்று நினைத்து, 'ஈரடுக்குச் சரிபார்ப்பு', 'ஒருமுறைக் கடவுச்சொல்' என்றெல்லாம் பேரவைத் தமிழில் விளக்கினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டிஏசி எண்ணைப் பிறரிடம் ஏன் சொல்லக்கூடாது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டிதான் சொன்னார்: "பெரட்டுல உம் பேரக் கூப்புடுறப்ப இன்னொருத்தன் 'ஆஜர்'னு சொல்லிட்டான்னா, உன் சம்பளத்த அவந்தானே வாங்குவான்? அந்த நம்பரு அதுதான்." எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தைகூட. அன்று முதல் எங்கள் தாமானில் டிஏசி என்றால் 'பெரட்டுப் பேரு'.

பேரவை நண்பர்களே, நாம் கலைச்சொல் ஆக்குகிறோம், விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நல்லவைதான். ஆயினும், நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும் தமிழில் இந்த ஆபத்தைச் சொல்லும் கடமையும் நமக்குத்தான் உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்கும், அங்கிருந்து இங்கும் வந்தவர்கள் நாம். இரு பக்கத்து மொழியும் தெரிந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திட்டாமல் சொல்லுங்கள். முதலில் உங்கள் தவறிலிருந்து தொடங்குங்கள், அவர்கள் தங்களுடையதைச் சொல்வார்கள்.

சென்ற தீபாவளிக்கு நான் வீட்டில் இருந்தபோது அம்மாவின் தொலைபேசி ஒலித்தது. கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவிலேயே வைத்துவிட்டார். "போலீஸ்னு சொன்னான்" என்றார். சிறிது நேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே போலீஸா இருந்தா என்னடா பண்றது?"

"நெசமான போலீஸுன்னா வீட்டுக்கு வருவாங்கம்மா. இல்லாட்டி நாமளே நிலையத்துக்குப் போய்க் கேப்போம். நானும் கூட வர்றேன்."

அம்மா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முறுக்குப் பிழியப் போனார். ஆனால், அன்று மாலை வரை, வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.